தேயிலை என்னும் மருந்து

மதுரையில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள். வயது 72. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு டீ, காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒரு டீ, மத்தியானச் சாப்பாடு இறங்குவதற்கு ஒரு டீ, விளக்கு வைக்கிற வேளையில் ஒன்று. ஆக நாலு டம்ளர் டீயின் மேல் அவளுடைய நாள் நாலுகால் மண்டபம் போல நிற்கும். சென்ற வருஷம் அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. ரத்த சோகை என்று சொல்லி டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டும் ரத்தம் ஊறவில்லை. மறுபடி போனபோது டாக்டர், "மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்?" என்று கேட்டார்.

"டீயோடதான். சூடா இருக்கு, வழுக்கிக்கிட்டு உள்ளே போயிடுது" என்றாள் அத்தை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மாத்திரைக்கும் டீக்கும் ஆகாது, சாப்பாட்டுக்கும் டீக்கும்கூட ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்றார். அத்தை அவரிடம் ஒன்றும் பேசவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினாள். "என்னடா இது? டீத்தூள் பாக்கெட்டிலே உடம்புக்கு நல்லதுன்னு அச்சடிச்சிருக்கான். இவரு ஆகாதுங்கறாரு. நீதான் நாலு எழுத்துப் படிச்சவனாச்சே, எவன் சொல்றது நிசம்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து புஸ்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, அத்தை கேட்டதையே மனிதர்கள் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது. பதில் சொன்னவர்களில் சந்நியாசி உண்டு, கடைக்காரர் உண்டு, டாக்டர் உண்டு, மகாத்மாவும் உண்டு. இவர்களில் முக்கால்வாசிப் பேர் தேயிலையைப் பற்றிச் சொன்னதைவிடத் தங்களைப் பற்றிச் சொன்னதே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

சீனாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே ஷென் நோங் என்று ஒரு பழங்கால அரசர், கொதிக்கிற வெந்நீரில் தற்செயலாக ஓர் இலை விழ, அதைக் குடித்துப் பார்த்துத் தேநீரைக் கண்டுபிடித்தார் என்று கதை. கி.மு. 2737 என்று வருஷம்கூடச் சொல்வார்கள். வருஷம் இத்தனை துல்லியமாக இருப்பதாலேயே இது கதை என்று தெரிகிறது. அதை விட்டுவிட்டு நிஜமான ஒரு மனிதரிடம் வருவோம்.

அவர் பெயர் லூ யூ. தாங் வம்ச காலத்தவர், கி.பி. 733-ல் பிறந்து 804-ல் இறந்தார் என்று கணக்கு. அநாதைக் குழந்தையாகக் கண்டெடுக்கப்பட்டு ஒரு பௌத்த மடத்தில் வளர்ந்தவர். மடத்துத் தலைவர் பௌத்த நூல்களைப் படி என்றால், பையன் கன்பூஷியஸைத்தான் படிப்பேன் என்று அடம் பிடித்தான். தண்டனையாக மாடு மேய்க்க அனுப்பினார்கள். எழுதிப் பழகக் காகிதம் கிடையாது. மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு மாட்டின் முதுகிலேயே எழுத்துப் பழகினானாம். கடைசியில் மடத்தை விட்டு ஓடிப்போய்க் கூத்தாடிகளோடு சேர்ந்து கோமாளி வேஷம் கட்டினான். இப்படி வளர்ந்த ஒரு மனிதர்தான் தேயிலையைப் பற்றி உலகத்தின் முதல் முழு நூலை எழுதினார். 'சா ஜிங்' என்று அதற்குப் பெயர். தேயிலை வேதம் என்று தமிழில் சொல்லலாம். மூன்று பாகம், பத்து அத்தியாயம்.

அதில் வைத்தியம் கொஞ்சந்தான். தாகத்துக்கும், மனச்சோர்வுக்கும், தலைவலிக்கும், கண் எரிச்சலுக்கும், கைகால் அசதிக்கும் நாலைந்து வாய் குடித்தால் அமிர்தத்துக்கு ஈடு என்கிறார். அதோடு, கண்ட இடத்தில் கண்ட காலத்தில் பறித்த இலையைக் குடித்தால் வியாதிதான் வரும் என்று எச்சரிக்கையும் செய்கிறார். மற்றதெல்லாம் இலையும் நெருப்பும் தண்ணீரும் பாத்திரமும்தான். மலை ஊற்று நீர் உத்தமம், ஆற்று நீர் மத்தியமம், கிணற்று நீர் கடைசி என்பது அவர் தீர்ப்பு.

தண்ணீர் கொதிப்பதை அவர் பார்த்தது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் கொதியில் மீன்கண் போன்ற குமிழிகள் எழுந்து லேசாகச் சத்தம் வரும். அப்போது ஒரு சிட்டிகை உப்புப் போடு. இரண்டாம் கொதியில் பாத்திரத்தின் ஓரமெல்லாம் முத்துச் சரம் கோத்தது போலக் குமிழிகள் ஓடும். அப்போது ஓர் அகப்பைத் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மூங்கில் குச்சியால் சுழல விட்டு, நடுச் சுழியில் தேயிலைப் பொடியைப் போடு. மூன்றாம் கொதியில் அலை புரளும். எடுத்து வைத்த தண்ணீரை ஊற்றி அடக்கு. அதற்கு மேல் கொதித்த நீர் கிழண்டுபோன நீர், குடிக்க லாயக்கில்லை. அந்தக் காலத்தில் தேயிலையை அடையாகத் தட்டி உலர்த்தி, நெருப்பில் வாட்டி, இடித்துப் பொடித்து உபயோகித்தார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இஞ்சி, வெங்காயத் தாள், ஆரஞ்சுத் தோல், புதினா இவற்றையெல்லாம் போட்டுக் கொதிக்க வைக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. அது சாக்கடையில் ஊற்ற வேண்டிய கழுநீர் என்கிறார். நம் தெருமுனைக் கடையில் இஞ்சி டீ கேட்டு நிற்கிறவர்கள் லூ யூ கண்ணில் படாமல் இருப்பது நல்லது. உப்புப் போடச் சொன்ன மனிதருக்கு இஞ்சியின் மேல் என்ன இத்தனை கோபம் என்று நாமும் திருப்பிக் கேட்கலாம்.

அவருடைய நாக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. அவர் காலத்துக்குப் பிறகு எழுதி வைத்தது. லீ ஜிசிங் என்ற அதிகாரி ஒருவர், லூ யூவைச் சந்தித்த சந்தோஷத்தில், யாங்ட்ஸி நதியின் நடுவே நான்லிங் என்ற இடத்தில் கிடைக்கும் பேர்போன நீரைக் கொண்டுவர ஒரு சிப்பாயைப் படகில் அனுப்பினார். சிப்பாய் குடம் நிறையக் கொண்டுவந்தான். லூ யூ அகப்பையால் மொண்டு பார்த்து, "இது நதி நீர்தான். ஆனால் நான்லிங் நீர் அல்ல, கரையோர நீர்" என்றார். சிப்பாய் சத்தியம் செய்தான். லூ யூ பேசாமல் குடத்தைக் கவிழ்த்துப் பாதி வரையில் கொட்டினார். மறுபடி மொண்டு பார்த்து, "இதிலிருந்து நான்லிங் நீர்" என்றார். சிப்பாய் காலில் விழுந்துவிட்டான். படகு ஆடியதில் கரைக்கு அருகே பாதி சிந்திவிட்டது. பயந்துபோய்க் கரையில் மொண்டு நிரப்பிக்கொண்டு வந்தேன் என்று ஒப்புக்கொண்டான். ஒரே குடத்தில் இரண்டு தண்ணீரும் கலக்காமல் எப்படி இருந்தன என்று கேட்கக் கூடாது. நல்ல கதைக்கு அந்த மாதிரிச் சலுகை உண்டு.

ஜப்பானுக்குத் தேயிலை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே புத்த பிக்ஷுக்களோடு போயிற்று. 815-ல் ஸாகா சக்கரவர்த்திக்கு ஒரு பிக்ஷு தேநீர் கொடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அது நிலைக்கவில்லை. அதை மறுபடி கொண்டுவந்து வேரூன்றச் செய்தவர் எய்ஸாய் என்ற ஜென் குரு. இவர் 1191-ல் சீனாவிலிருந்து திரும்பியபோது தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். 1211-ல் தேநீர் அருந்தி ஆயுளைக் காப்பது பற்றி ஒரு நூல் எழுதினார். லூ யூ ரசிகர், எய்ஸாய் வைத்தியர். தேயிலையின் உடல் நலப் பெருமைக்கு ஒரு சாஸ்திரமே செய்து கொடுத்தவர் இவர்தான்.

அவருடைய வாதம் சுவாரசியமானது. உடம்பில் ஐந்து முக்கிய உறுப்புகள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவை உணவு. கல்லீரலுக்குப் புளிப்பு, நுரையீரலுக்கு உறைப்பு, மண்ணீரலுக்கு இனிப்பு, சிறுநீரகத்துக்கு உப்பு, இருதயத்துக்குக் கசப்பு. ஜப்பானியர்கள் மற்ற நாலு சுவையையும் உண்கிறார்கள், கசப்பை மட்டும் தொடுவதில்லை. ஆகவே அவர்களுடைய இருதயம் பலவீனமாகி ஆயுள் குறைகிறது. சீனர்கள் தேநீர் குடிக்கிறார்கள், இருதயம் திடமாக இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய அறுசுவை ஞாபகத்துக்கு வந்தது. தேயிலையில் கசப்பு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குடித்து முடித்ததும் நாக்கைப் பிடித்துச் சுருட்டுகிறதே, வாழைப்பூவிலும் கடுக்காயிலும் இருப்பது போல, அது துவர்ப்பு. எய்ஸாயின் ஐந்து சுவைக் கணக்கில் அதற்குத் தனி இடம் இல்லை. நம்மவர்கள் அதற்கு ஆறாவது இலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அத்தையின் கேள்விக்குப் பதில் இந்தத் துவர்ப்பில்தான் ஒளிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1214-ல் ஷோகன் ஸானெடோமோ முதல் நாள் இரவு குடித்த மதுவின் விளைவாக எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். எய்ஸாய் தம் கோயிலிலிருந்து ஒரு கிண்ணம் தேநீரையும் தம் நூலின் ஒரு பிரதியையும் கொண்டுவந்து கொடுத்தார். தலைவலி தீர்ந்தது; ஷோகன் மகிழ்ந்தார் என்று அந்த ராஜ்யத்தின் வரலாற்றுக் குறிப்பேடு சொல்கிறது. மருந்தோடு விளம்பரப் புஸ்தகத்தையும் சேர்த்துக் கொடுத்த முதல் வைத்தியர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறு வருஷம் 1215-ல் எய்ஸாய் காலமானார். ஸானெடோமோ 1219-ல் தம் அண்ணன் மகன் கையால் வெட்டுண்டு இறந்தார். வயது 30 ஆகவில்லை. அப்படிப்பட்ட வியாதிக்குத் தேயிலையில் மருந்து இல்லை.

எய்ஸாய்க்கு விற்க ஒரு சரக்கும் இல்லை; நம்பியதை எழுதினார். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியதும் தேயிலையின் கதை மாறிவிட்டது. அங்கே மருத்துவப் பெருமைக்கும் விலைச் சீட்டுக்கும் கல்யாணம் ஆயிற்று.

லண்டனில் 1658 செப்டம்பரில் வந்த பத்திரிகை விளம்பரம் ஒன்று, எல்லா வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட சீன பானம் என்று தேநீரைக் கூவுகிறது. எந்த வைத்தியர்கள் என்று சொல்லவில்லை. சில வருஷங்களில் தாமஸ் காராவே என்ற கடைக்காரர் ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட்டார். தலைவலி, நீர்க்கடுப்பு, கல்லடைப்பு, மூச்சுத் திணறல், கெட்ட கனவு, அதிகத் தூக்கம், ஞாபக மறதி என்று அவர் தேயிலையால் தீர்ந்துபோகும் என்று சொன்ன வியாதிகளை எண்ணினால், மதுரைப் புது மண்டபத்து வாசலில் லேகியம் விற்கிறவரே வெட்கப்படுவார். ஒரு பவுண்டு இலை 16 ஷில்லிங்கிலிருந்து 50 ஷில்லிங் வரையில் அவர் கடையில் கிடைக்கும். அந்த விலைக்கு அத்தனை வியாதியும் தீராவிட்டால் யார் வாங்குவார்கள்?

நாட்குறிப்பு எழுதிப் பேர் வாங்கிய ஸாமுவேல் பீப்ஸ், 1660 செப்டம்பர் 25-ஆம் தேதி வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கோப்பை தேநீர் வாங்கிக் குடித்தார். நன்றாக இருந்தது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. ஏழு வருஷம் கழித்து, 1667 ஜூனில், வீட்டுக்கு வந்தபோது மனைவி தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஜலதோஷத்துக்கு நல்லது என்று மருந்துக் கடைக்காரர் சொன்னாராம். அந்த ஒரு வரியைப் படித்தபோது முந்நூற்றைம்பது வருஷத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு சமையலறைக்குள் எட்டிப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

எல்லாரையும் மிஞ்சியவர் டச்சு வைத்தியர் கொர்னேலிஸ் போன்டெகூ. 1678-ல் தேயிலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தினம் பத்துக் கோப்பையில் தொடங்கலாம். நோயாளியானால் ஐம்பது, நூறு, இருநூறு கோப்பை வரையில்கூடப் போகலாம் என்பது அவர் சிகிச்சை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது தேயிலை வியாபாரத்தில் இருந்தது. அவருக்குக் கம்பெனியிலிருந்து ஏதோ கைமாறிற்று என்று அன்றைக்கே பேச்சு உண்டு. உண்மையோ, ஊர் வாயோ! தேயிலை நூறாயுசு தரும் என்றவர் நடுவயதிலேயே 1685-ல் மாடிப் படியிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

புகழ்ந்தவர்கள் இப்படி என்றால் இகழ்ந்தவர்களும் இளைத்தவர்கள் அல்ல. இங்கிலாந்தில் ஜோனாஸ் ஹான்வே என்ற கனவான் 1756-ல், தேநீரால் நரம்பு தளர்கிறது, பெண்களின் அழகு கெடுகிறது, தேசத்தின் செல்வம் சீனாவுக்குப் போகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். லண்டன் தெருவில் ஆண்பிள்ளையாகத் துணிந்து குடை பிடித்து நடந்து கேலிக்கு ஆளானவர் இவர்தான், நல்ல மனிதர். ஏழைகள் தேநீர் குடிப்பதுதான் அவருக்கு அதிகமாக உறுத்தியது. அகராதி எழுதிய ஸாமுவேல் ஜான்ஸன் 1757-ல் அவருக்குப் பதில் கொடுத்தார். தாம் திருந்தாத தேநீர்க் குடியர், தம் வீட்டுக் கெட்டில் ஆறுவதே இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பித்தார். சண்டை முடியும்போது இங்கிலாந்து முழுவதும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு தேயிலைக்கும் சீனாவையே நம்பியிருப்பது ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. 1823-ல் அஸ்ஸாம் காட்டில் தேயிலை தானாகவே வளர்வதை ராபர்ட் புரூஸ் என்பவர் அறிந்தார். அங்கே ஸிங்போ மக்கள் அதை வெகுகாலமாகவே குடித்து வந்தார்கள். 1839-ல் அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலம் போயிற்று. இலங்கையிலோ மலைகளெல்லாம் காப்பி. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அது சோதனைப் பயிர்தான். 1869-ல் காப்பிச் செடிகளின் இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சைக் காளான் படர ஆரம்பித்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பி மாண்டு, மலைமேல் மலையாகத் தேயிலை எழுந்தது.

அதை எழுப்பியவர்கள் நம்மவர்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து காப்பிக் காலத்திலேயே போக ஆரம்பித்தவர்கள். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கிக் காடு வழியாக மாத்தளை வரையில் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கு வைத்தவர்கள் யாரும் இல்லை. காப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில் போய்த் திரும்பலாம். தேயிலை அப்படி இல்லை. வருஷம் முழுவதும் கொழுந்து விடும், வருஷம் முழுவதும் கிள்ள வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயங்களில் தங்கிவிட்டார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடுகிற வேலை பெண்களுடையதாயிற்று. நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து கிள்ளினால் ஒரு கிலோ தேயிலை ஆகும்.

இந்த இடத்தில்தான் நான் படித்துக்கொண்டிருந்த புஸ்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். லண்டனில் ஆரோக்கிய பானம் என்று கோப்பையில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த இலையைக் கிள்ளியவர்களின் உடம்பில் ரத்தம் இல்லை. கொக்கிப் புழு என்று ஒன்று. வெறுங்காலோடு நடக்கிறவர்களின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் பற்றிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். லயங்களில் கக்கூஸ் வசதி இல்லாத காலம், மலை ஈரம், காலில் செருப்பு ஏது? 1916-ல் அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையை ஆரம்பிக்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அந்த மக்களில் பெரும்பாலோரை 1948-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரிக்கப்பட்டார்கள். நீலகிரியில் தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ள வந்தவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர். தோட்டத்துப் பெண்களிடையே ரத்த சோகை இன்றும் அதிகம், அஸ்ஸாமிலும் அப்படித்தான்.

விளைகிற நாட்டிலேயே தேயிலையை விற்றால் என்ன என்ற யோசனை தோட்ட முதலாளிகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. 1903-ல் தேயிலை ஏற்றுமதிக்கு ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தைப் பிரசாரத்துக்குச் செலவிடச் சட்டம் செய்தார்கள். 1930-களில் வெளிநாட்டு விலை சரிந்தபோது பிரசாரம் மும்முரமாயிற்று. ஊர் ஊராக ஆட்கள் போய், டீ போடும் விதத்தைச் செய்து காட்டி, இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்டு உரலையும் அம்மியையும் போல இன்று நமக்குச் சொந்தமாகத் தோன்றுகிற டீ, நம் வீட்டுக்குள் இப்படித்தான் அழையாத விருந்தாளியாக வந்தது. சுதந்திரம் வந்த 1947-ல், ராட்டை சுற்றுகிற ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, தேயிலை நூற்றுக்கு நூறு சுதேசி என்று விளம்பரம் செய்தார்கள்.

ராட்டையின் சொந்தக்காரருக்கோ டீ பிடிக்காது. காந்திஜி 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் இருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய சிறு நூலில் டீயைப் பற்றிச் சொல்கிறார். அதில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சீனாவில் தண்ணீரை நம்ப முடியாது, கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தண்ணீர் கொதித்ததா இல்லையா என்று பார்க்க யாரோ ஒரு கெட்டிக்காரர் இந்த இலையைக் கண்டுபிடித்தார். நன்றாகக் கொதித்த நீரில்தான் பொன் நிறம் இறங்கும் என்கிறார். சரித்திரமாக இது நிற்குமோ என்னவோ, வைத்தியமாக நிற்கும். காலராவும் சீதபேதியும் தண்ணீரில் வந்த காலத்தில், தேநீர் குடித்தவன் கொதித்த நீரைக் குடித்தான். இங்கிலாந்து நகரங்களில் ஜனங்கள் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்கிற சரித்திர ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேயிலை செய்த பெரிய உபகாரம் இலையில் இல்லை, அதற்காக மூட்டிய அடுப்பில் இருந்தது போலும்!

இலையை வடிகட்டியில் வைத்துக் கொதிநீரை ஊற்றி, வைக்கோல் நிறத்தில் இறங்குவதைக் குடித்தால் தோஷம் இல்லை. கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் இலையிலுள்ள டானின் இறங்கிக் கெடுதல் செய்யும் என்பது காந்திஜியின் கட்சி. டானின் என்பது தோல் பதனிடுகிற சரக்கு. ஆவாரம் பட்டையில் இருப்பதும் அதன் இனந்தான். தமிழில் சொன்னால் துவர்ப்பு.

இன்றைய விஞ்ஞானம் என்ன சொல்கிறது? டீயில் காப்பியில் உள்ள அதே காபீன் இருக்கிறது. 1838-லேயே இரண்டும் ஒன்று என்று காட்டிவிட்டார்கள். எய்ஸாய் தூக்கத்தை விரட்டியது அதை வைத்துத்தான். தியானின் என்று ஒரு சத்தை 1949-ல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள். 2022-ல் பிரிட்டனில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரின் விவரங்களைப் பார்த்ததில், தினம் இரண்டு கோப்பைக்கு மேல் டீ குடித்தவர்களிடையே சாவு விகிதம் குடிக்காதவர்களைவிட நூற்றுக்கு 9 முதல் 13 வரை குறைவாக இருந்தது. பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அப்படியே. ஆனால் டீதான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற பானம் எதுவானாலும் உணவுக் குழாயில் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2016-ல் எச்சரித்தது. ஆக, நம் கடைக்காரர் ஒரு முழம் உயரத்துக்கு ஆற்றிக் கொடுப்பது வெறும் வித்தை அல்ல.

இரும்பு விஷயத்தில் மட்டும் சந்தேகம் இல்லை. 1975-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ரொட்டியோடு டீ குடித்தபோது அதிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. கீரை, பருப்பு, தானியம் இவற்றிலிருந்து வரும் இரும்பைத் துவர்ப்பு வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. மாமிசத்து இரும்புக்கு இந்த ஆபத்து அவ்வளவாக இல்லை. அத்தை சைவம்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மறுபடி மதுரைக்குப் போனேன். ஷோகனும் டச்சு வைத்தியரும் அத்தையிடம் செல்லுபடியாகவில்லை. லூ யூ மாட்டு முதுகில் எழுதியதை மட்டும் ரசித்தாள். கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. அடுப்பிலிருந்த டிகாக்ஷனில் பால் கலப்பதற்கு முன் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அவளுடைய மாத்திரை ஒன்றைப் பொடித்து அதில் போட்டுக் கலக்கினேன். அந்த மாத்திரையில் இருப்பது வேறொன்றும் இல்லை, நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுக்கிற அதே உப்புத்தான். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துத்தான் எழுதுகிற மை காய்ச்சினார்கள்.

சிவப்பாக இருந்த டீ கலங்கியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. அத்தை டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மைக்கூடு மாதிரி இல்லே இருக்கு" என்றாள். "இதையா மூணு மாசமா முழுங்கினேன்?"

அன்றைக்கே டீ போடும் முறையையும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தோம். அவள் தூளைப் போட்டுப் பத்து நிமிஷம் காய்ச்சுகிறவள். நம் கடைகளில் கிடைக்கிற தூள் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்தது; 1930-ஐ ஒட்டி அஸ்ஸாமில் கண்டுபிடித்த இயந்திரத்தின் வேலை. சாயம் சீக்கிரம் இறங்குவதற்காகவே செய்ததை எதற்குப் பத்து நிமிஷம் காய்ச்ச வேண்டும்? புதிதாகப் பிடித்த தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, இறக்கி வைத்துத் தூளைப் போட்டு மூடி, இரண்டு மூன்று நிமிஷத்தில் வடிகட்டினேன். முழு இலையானால் ஐந்து நிமிஷம் விடலாம். பச்சைத் தேயிலைக்குக் கொதி கொஞ்சம் அடங்கிய நீரே போதும். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணியா இருக்கு" என்றாள். ஆனால் டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

இப்போது மாத்திரையை எலுமிச்சம் பழச் சாறோடு விழுங்குகிறாள். இரண்டாவது டீ பதினொரு மணிக்கும் மூன்றாவது டீ மூன்றரை மணிக்கும் நகர்ந்துவிட்டன. நாலு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது டாக்டர் தலையை ஆட்டினார். காய்ச்சுகிற விஷயத்தில் மட்டும் அத்தை பழையபடி பத்து நிமிஷத்துக்கே திரும்பிவிட்டாள். இஞ்சியும் தட்டிப் போடுகிறாள்.